“எல்லாம் நானே செய்துகொள்வேன்”: டிஸ்சார்ஜுக்கு முன் கேட்டதும் பார்த்ததும்

ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைத் தாங்களே செய்ய நோயாளிகளுக்குப் பயிற்சி தருபவர், 16 ஆண்டுகளாக இந்த வேலையில்)

வீட்டுக்கு அனுப்பும் முன் நாங்கள் கேட்கும் கேள்விகள் பலருக்கும் தெரிந்தவைதான். தனியாகக் குளிப்பீர்களா, உடை மாற்றிக்கொள்வீர்களா, கழிப்பறைக்குப் போய்வருவீர்களா? பதிலும் பெரும்பாலும் ஒன்றே: “எல்லாம் நானே செய்துகொள்வேன்.” அவர்கள் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முந்தைய நாள்வரை அதையெல்லாம் தாங்களே செய்துவந்தவர்கள். அந்த நினைப்பில் வரும் பதில் அது. படுக்கையில் கிடந்த நாட்களில் உடம்பு எவ்வளவு மாறியிருக்கிறது என்பது அவர்களுக்கே இன்னும் தெரியாது.

ஓர் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். மூளையின் வலப்பக்கத்தில் பக்கவாதம் வந்து சேர்ந்தவர். கை கால் பலம் நன்றாகத் திரும்பிவிட்டது, பேச்சில் தடங்கலே இல்லை. அன்றாட வேலைகளைத் தானே செய்கிறாரா என்று மதிப்பெண் போடும் பார்தெல் அளவுகோலில் 100க்கு 95. குளியலுக்கு மட்டும் துணை வேண்டியிருந்தது. வீட்டில் தனியாக இருப்பவர், மறுநாள் டிஸ்சார்ஜ் என்று முடிவாகியிருந்தது. எங்கள் பயிற்சி அறையில் ஒரு சமையல் மேடையும் இரண்டு பர்னர் அடுப்பும் உண்டு. இடப்பக்க பர்னரில் சின்னத் தீயில் ஒரு பாத்திரத்தை நான் முன்பே வைத்திருந்தேன். “அம்மா, அது ஏற்கெனவே எரிகிறது. வலப்பக்கம் நீங்கள் கொஞ்சம் வெந்நீர் வையுங்கள். முடிந்ததும் இரண்டையும் அணைத்துவிட்டு வாருங்கள்” என்றேன். சரி என்று தலையாட்டினார்.

தண்ணீர் பிடித்தார், வைத்தார், கொதித்ததும் வலப்பக்கக் குமிழைத் திருகி அணைத்தார். கோப்பையில் ஊற்றினார், ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. அந்த நேரத்தில் அவருடைய இடது கை உடையின் நுனி, எரிந்துகொண்டிருந்த பர்னரிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது. பிடித்து இழுக்கத் தயாராக நான் பக்கத்திலேயே நின்றேன். அடுப்பை விட்டு நகர்ந்ததும், “அணைத்துவிட்டீர்களா அம்மா?” என்று கேட்டேன். திரும்பி அடுப்பை நேராகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “அணைத்துவிட்டேனே.”

அவர் கண்ணில் குறையில்லை. இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதையே மூளை கணக்கில் எடுக்கவில்லை. அப்புறம் விசாரித்தபோதுதான் தெரிந்தது, நான்கு நாளாகத் தட்டில் இடது பாதிச் சாப்பாடு அப்படியே திரும்பி வந்திருக்கிறது. பசி இல்லை என்று எழுதி வைத்திருந்தார்கள்.

பார்தெல் அளவுகோலைக் குறை சொல்லவில்லை. 1965இல் மஹோனியும் பார்தெலும் வெளியிட்டது, இன்றும் எங்களுக்குத் தினமும் கை கொடுக்கிறது. ஆனால் அதில் உள்ள 10 விஷயங்களும் சாப்பிடுவது, குளிப்பது, முகம் கழுவித் தலைவாருவது, உடுத்துவது, மலம், சிறுநீர்க் கட்டுப்பாடு, கழிப்பறை, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, நடப்பது, படியேறுவது. அடுப்பு இல்லை, மாத்திரை இல்லை, பணம் இல்லை. நூற்றுக்கு நூறு வாங்கினாலும் அவர் தனியாக வாழ முடியும் என்று அர்த்தமில்லை, சமைக்கவோ வீட்டைப் பார்த்துக்கொள்ளவோ அவரால் முடியாமல் இருக்கலாம் என்று அதை உருவாக்கியவர்களே அப்போதே எழுதியிருக்கிறார்கள். அந்த வரியைப் படிக்காமல் மதிப்பெண்ணை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

அந்த மிச்சத்துக்குத்தான் 1969இல் லாட்டனும் பிராடியும் கொடுத்த பட்டியல் இருக்கிறது. தொலைபேசி, கடைக்குப் போவது, சமையல், வீட்டு வேலை, துணி துவைப்பது, பயணம், மருந்து, பணக்கணக்கு என்று எட்டு. அந்தக் காலத்து நினைப்புப்படி ஆண்களுக்குச் சமையல், வீட்டு வேலை, துணி மூன்றையும் விட்டுவிட்டு ஐந்தோடு நிறுத்தினார்கள். தனியாக வாழும் ஆணுக்கும் அடுப்பு எரியத்தான் செய்கிறது. நான் யாராக இருந்தாலும் எட்டையும் பார்க்கிறேன்.

மதிப்பீட்டில் தவறிப்போனது எது, எப்போது தெரிந்தது என்று உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள். பணியாளர், குடும்பத்தார், நோயாளி யாராக இருந்தாலும் சரி.

ஒரு மகள்

எங்கள் வீட்டில் தவறிப்போனது கதவின் அகலம்.

அப்பாவுக்கு நிமோனியா. 12 நாள் படுக்கை. அதற்கு முன் தினமும் ஒரு மணி நேரம் நடப்பவர், அதனால் சீக்கிரம் தேறிவிடுவார் என்று நம்பினோம். கடைசி இரண்டு நாள் வாக்கர் பிடித்து வார்டு வராந்தாவில் நடக்க வைத்தார்கள். அகலமான வராந்தா, வழவழப்பான சமதரை, நல்ல வெளிச்சம். ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை போய்த் திரும்பினார். எனக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. “நன்றாக நடக்கிறார், அழைத்துப் போகலாம்” என்றார்கள். கையெழுத்துப் போட்டு அழைத்து வந்தோம்.

இரண்டாவது ராத்திரி இரண்டரை மணிக்குச் சத்தம் கேட்டு ஓடினேன். குளியலறைக்குள் அப்பா தரையில் கிடக்கிறார். வாக்கர் கதவுக்கு வெளியே நிற்கிறது. துண்டு மாட்டும் கம்பி சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டு அவர் கையில் இருக்கிறது. மணிக்கட்டில் எலும்பு முறிவு. பிறகு டேப் வைத்து அளந்தேன்: வாக்கர் 63 சென்டிமீட்டர், கதவு 58. அந்த ஐந்து சென்டிமீட்டருக்காக மறுபடியும் ஆஸ்பத்திரி.

முதல் ராத்திரி என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். அதேதான் செய்திருக்கிறார். வாக்கரை வெளியே நிறுத்திவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார். “உன்னை எழுப்ப வேண்டாமென்று நினைத்தேன்மா” என்றார்.

எங்கள் வீட்டுக் குளியலறை எப்படி இருக்கும் என்று யாரும் கேட்கவில்லை. சொல்ல வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. அவர் நடப்பதைப் பார்த்த சந்தோஷத்தில், எங்கே நடக்கப் போகிறார் என்பதை மறந்துவிட்டேன்.

பிசியோதெரபிஸ்ட்

அம்மா, அது உங்கள் தவறு இல்லை, கேட்டிருக்க வேண்டியது எங்கள் பக்கம். வராந்தாவில் நடப்பதும் வீட்டுக்குள் நடப்பதும் வேறு வேறு வேலை.

நாங்கள் செய்யும் ஒரு சோதனை: நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார எத்தனை வினாடி என்று பார்ப்பது. வயதானவர்களுக்கு 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் ஆபத்து இருக்கிறது என்று எடுத்துக்கொள்வோம். ஆனால் எனக்கு வினாடியைவிடத் திரும்பும் இடம் முக்கியம். நேராக நடக்கும்போது ஒன்றும் தெரியாது. திரும்பும்போது ஒரு காலை நட்டுவிட்டு ஏழெட்டுக் குட்டி அடிகள் வைப்பவர், சமையலறையிலும் குளியலறையிலும் தடுமாறுவார். அங்கெல்லாம் நேராக நடக்க இடம் ஏது, திரும்புவதுதானே வேலை.

இரத்த அழுத்தமும் அப்படித்தான். படுத்திருக்கும்போது எடுத்த அளவு நன்றாக இருக்கும். எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைகிறதா என்று பார்க்க வேண்டும். ராத்திரி படுக்கையிலிருந்து எழுந்ததும் விழுவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

படிக்கட்டு: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பலவீனமான கால் முதலில். இதை எல்லோரும் சொல்லிக் கொடுக்கிறோம். வீட்டில் கைப்பிடி எந்தப் பக்கம் என்று கேட்பவர்கள் குறைவு. எங்கள் பயிற்சிப் படிக்கு இரண்டு பக்கமும் கைப்பிடி. வீட்டில் ஒரே பக்கம். ஏறும்போது வலக்கைக்குக் கிடைத்த கைப்பிடி இறங்கும்போது இடக்கைக்கு வந்துவிடும். இடக்கை விழுந்துபோனவர் மேலே ஏறிவிட்டு இறங்க முடியாமல் மாடியிலேயே உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

நோயாளியாக இருந்தவன்

எனக்கு விழுந்துபோனது வலது கை. பக்கவாதம் வந்து எட்டு மாதம் ஆகிறது. இதையும் இடக்கையால்தான் தட்டுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தாளில் “உடுத்துதல்: துணை வேண்டும்” என்று எழுதியிருந்தது. அது உண்மையில்லை. எனக்கு வேண்டியிருந்தது நேரம். சட்டைப் பொத்தான் ஐந்தையும் போட எனக்கு 25 நிமிடம் ஆனது. காலை ஏழு மணிக்கு வார்டில் 25 நிமிடம் யார் காத்திருப்பார்கள்? சிஸ்டர் வந்து இரண்டே நிமிடத்தில் மாட்டிவிட்டுப் போவார். நல்ல மனசோடுதான் செய்தார். ஆனால் நான் என்ன செய்வேன் என்பதை அங்கே யாரும் பார்க்கவே இல்லை. பார்க்காமலே எழுதினார்கள். வீட்டுக்கு வந்தபின் என் மனைவி, பலவீனமான கையை முதலில் சட்டைக்குள் விட்டு, நல்ல கையைக் கடைசியில் விடச் சொன்னாள். கழற்றும்போது நேர் மாறாக. யாரிடமோ கேட்டு வந்திருக்கிறாள். அந்த ஒரு விஷயத்தில் பாதி நேரம் குறைந்துவிட்டது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். “கழிப்பறையில் நீங்களே சுத்தம் செய்துகொள்கிறீர்களா?” என்ற கேள்வியை என் மகன் பக்கத்தில் நிற்கும்போது கேட்டார்கள். அவன் பார்வையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். நான் “ஆமாம்” என்றேன். அப்போது என்னால் முடியாது. முழு மதிப்பெண் போட்டுக்கொண்டு போனார்கள். அந்தப் பொய்க்காக மூன்று வாரம் புண்ணோடு கஷ்டப்பட்டேன். அதே கேள்வியைத் திரை போட்டுவிட்டு, தனியாக, மெதுவாகக் கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன். தயவுசெய்து தனியாகக் கேளுங்கள்.

வார்டு செவிலியர்

மேலே எழுதிய ஐயாவுக்கு: அந்த இரண்டு நிமிடச் சிஸ்டர் நான்தான் என்று நினைத்துக்கொள்ளுங்கள். உங்களை நான் பார்த்ததில்லை, ஆனால் எத்தனையோ பேருக்கு அப்படித்தான் பொத்தான் போட்டுவிட்டிருக்கிறேன். பிற்பகலில் படிவத்தை நிரப்பும்போது, அவரால் முடியுமா முடியாதா என்று நினைவுக்கு வராமல் பக்கத்துப் படுக்கைக்காரரை நினைத்துக்கொண்டு எழுதிய நாளும் உண்டு. எழுதவே மனம் கூசுகிறது, ஆனாலும் இது தெரிய வேண்டும்.

பார்தெலில் ஒரு விதி உண்டு. நோயாளியால் என்ன செய்ய முடியும் என்பதை எழுதக் கூடாது, உண்மையில் என்ன செய்கிறார் என்பதை எழுத வேண்டும். பக்கத்தில் ஒருவர் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தால்கூட அது ‘சுயமாக’ ஆகாது. இந்த விதி சரியானதுதான். ஆனால் அவர் செய்வதற்கு நாங்கள் இடமே கொடுக்காவிட்டால், தாளில் ஏறுவது எங்கள் அவசரம்தான்.

சிறுநீர்க் குழாயைக் காலையில் எடுத்துவிட்டு மத்தியானமே “கட்டுப்பாடு உண்டு” என்று எழுதியதையும் பார்த்திருக்கிறேன். அந்த மனிதர் இரண்டு மணி நேரத்தில் ஒரே ஒரு தடவை போயிருந்தார். அவ்வளவுதான் ஆதாரம்.

இப்போது நான் மாற்றிக்கொண்ட ஒரு பழக்கம் மாத்திரை. “எப்படிச் சாப்பிட வேண்டுமென்று புரிந்ததா?” என்று கேட்பதில்லை. புரிந்தது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். மொத்தப் பையையும் கையில் கொடுத்து, “இன்று ராத்திரி போடுவதை மட்டும் எடுத்துக் காட்டுங்கள், வாய்க்குப் போகும்வரை” என்கிறேன். முதல் வாரமே ஒரு பெரியவர் பிடிபட்டார். சரியான அட்டையைத்தான் எடுத்தார். ஆனால் பின்பக்கத் தகட்டை அழுத்தி மாத்திரையை வெளியே தள்ள விரலில் பலமில்லை. நகத்தால் சுரண்டினார், பல்லால் கடித்தார், மாத்திரை இரண்டாக உடைந்து ஒரு பாதி கட்டிலுக்கு அடியில் உருண்டுவிட்டது. “பரவாயில்லை, பாதி போதும்” என்றார். இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரை அது. வீட்டிலும் அப்படித்தான் பாதி பாதியாகப் போட்டுக்கொண்டிருந்தாராம். மருந்தகத்தில் பேசி, வாரத்துக்கானதைப் பெட்டியில் பிரித்துப் போட ஏற்பாடு செய்தோம்.

ஒரு மனைவி

எங்கள் கதை தலைகீழ். என் கணவரால் முடிந்ததை நான்தான் முடியாமல் ஆக்கினேன்.

தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வந்தவர் என்பதால் பயம். சாப்பாட்டை நானே ஊட்டினேன். தண்ணீர் டம்ளரைக்கூட அவர் எடுக்க விடமாட்டேன். வீட்டுக்கு வந்த ஆறு வாரத்தில் மறுமதிப்பீட்டுக்குப் போனபோது டிஸ்சார்ஜ் அன்று இருந்ததைவிட 15 மதிப்பெண் குறைவு. தெரபிஸ்ட் அவரிடம் கரண்டியைக் கொடுத்தார். அவர் கரண்டியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் மறக்க முடியவில்லை.

வெளியே போய் ஒரு மணி நேரம் கழித்து வாருங்கள் என்று என்னை அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்தபோது அவர் சாப்பிட்டு முடித்திருந்தார். சட்டையெல்லாம் சிந்தியிருந்தது, ஆனால் முடித்திருந்தார்.

இன்னொரு விஷயமும் கவனித்தேன். அவருக்குக் காலையில் தெளிவு, சாயங்காலம் ஆனால் குழப்பம். மதிப்பீடு எப்போதும் காலை பத்து மணிக்கே நடந்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு அவர் யார் என்பது அந்தத் தாளில் இல்லை. நானே ஒரு வாரம் நோட்டில் நேரம் போட்டு எழுதிக்கொண்டு போய்க் காட்டினேன். அதன் பிறகுதான் இரவு மருந்துகளை என் பொறுப்பில் வைத்தார்கள், காலை மருந்தை அவரிடமே விட்டார்கள்.

ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்

உங்கள் நோட்டு மாதிரி ஒன்று எல்லாக் குடும்பமும் கொண்டுவந்தால் எங்கள் வேலை எவ்வளவோ சரியாக இருக்கும். எந்த நேரத்தில் செய்தார், எவ்வளவு நேரம் ஆனது, எங்கே நின்றுபோனார். இவ்வளவு போதும்.

அப்பாவின் கதவு அகலத்தைச் சொன்ன அம்மாவுக்கு: நீங்கள் எழுதியதைப் படித்தபின் எங்கள் பிரிவில் டேப் அளவையும் கேள்வித்தாளோடு சேர்த்துக் குடும்பத்திடம் கொடுக்கப் பேசிக்கொண்டிருக்கிறேன். கட்டிலின் உயரம், கழிப்பறை இருக்கையின் உயரம், குளியலறைக் கதவு, படியின் கைப்பிடி எந்தப் பக்கம், படுக்கையிலிருந்து கழிப்பறைக்கு எத்தனை அடி, வழியில் விளக்கு இருக்கிறதா. செல்போனில் நான்கு படம் எடுத்து அனுப்பினாலே நிறையத் தெரிந்துவிடும். இடுப்பு மாற்று அறுவை முடிந்தவர்களில் பலரை 90 டிகிரிக்கு மேல் மடங்கக் கூடாது என்று சொல்லி அனுப்புகிறோம். வீட்டு இருக்கை முழங்காலுக்குக் கீழே இருந்தால் முதல் நாளே அது மீறப்படும்.

ஐயா, தனியாகக் கேளுங்கள் என்றீர்களே, அதை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். நேற்றுத் திரையை இழுத்துவிட்டு ஒருவரிடம் கேட்டேன். முதலில் “ஆமாம்” என்றார். நான் எழுதாமல் உட்கார்ந்திருந்தேன். கொஞ்சம் கழித்து, “சில நாள் முடியவில்லை” என்றார்.

அடுப்பு அம்மா என்ன ஆனார் என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். மறுநாள் அனுப்பவில்லை. இரண்டு வாரம் கூடுதலாக வைத்துக்கொண்டோம். சமையல் மேடையின் இடது விளிம்பில் ஒரு சிவப்பு டேப்பை ஒட்டினேன். எதைச் செய்தாலும், முடித்ததும், சிவப்பு கண்ணில் படும்வரை தலையைத் திருப்ப வேண்டும், அதுதான் பயிற்சி. முதல் சில நாள் நான் சொல்லச் சொல்லத் திரும்பினார். சில நாள் பாதியிலேயே நின்றுவிடுவார். அவருடைய தங்கை ஒரு மாதம் கூட இருக்க ஒப்புக்கொண்ட பிறகுதான் வீட்டுக்கு அனுப்பினோம், அங்கேயும் அதே சிவப்பு டேப் ஒட்டியாகிவிட்டது.

மூன்றாவது வாரம் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். நான் வாய் திறக்கவில்லை. வெந்நீர் வைத்தார், அணைத்தார், கோப்பையை எடுத்துக்கொண்டு இரண்டு அடி நகர்ந்தார். நின்றார். கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி வந்து, வலது கையால் மேடையின் விளிம்பைத் தடவிக்கொண்டே இடப்பக்கம் போனார். விரல் டேப்பைத் தொட்டது. அங்கே இருந்த குமிழைத் திருகிப் பார்த்தார், அது அணைந்தேதான் இருந்தது. அப்புறம் என்னைப் பார்த்து, “இது சிவப்புதானே?” என்றார்.